எந்த இடத்தில் ‘எ’, எந்த இடத்தில் ‘தி’: ஆங்கிலத்தில் எழுதும் சிங்கப்பூர்த் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் வாழும் தமிழர் பலருக்கு ஆங்கிலம் பேசுவதில் தயக்கம் இல்லை. அலுவலகத்திலும் கடையிலும் மின்தூக்கியில் சந்திக்கும் அண்டைவீட்டாரிடமும் நாள் முழுவதும் ஆங்கிலமே புழங்குகிறது. அதே ஆங்கிலத்தை ஒரு வேலை விண்ணப்பமாகவோ, அமைச்சுக்கு அனுப்பும் மேல்முறையீடாகவோ, பிள்ளையின் ஆசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலாகவோ எழுத உட்காரும்போதுதான் கை நின்றுவிடுகிறது. பிறர் எழுதிய ஆங்கிலக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலையின் ஒரு பகுதி. அவற்றில் நான் காணும் பிழைகளுள் பெரும்பாலானவை இலக்கண நூல்களின் கடினமான அத்தியாயங்களைச் சேர்ந்தவை அல்ல. எ, ஆன், தி என்னும் மூன்று சிறிய சொற்களைச் சுற்றியும், தமிழ் வினைச்சொல்லை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிச் செல்வதைச் சுற்றியுமே அவை எழுகின்றன.

அதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள் என்று அழைக்கப்படும் இந்தச் சொற்களுக்கு நேரான தனி வகை தமிழில் இல்லை. மலாயிலும் சீனத்திலும்கூட இல்லை. இந்த மூன்று மொழியினரும் சேர்ந்து புழங்கும் இந்நாட்டின் பேச்சு ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள்கள் உதிர்ந்துபோவதில் வியப்பில்லை. ‘டேக் பஸ்’ என்றாலும் ‘டேக் தி பஸ்’ என்றாலும் எதிரில் நிற்பவருக்குப் பொருள் விளங்கிவிடுகிறது. நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் 2000ஆம் ஆண்டில் இங்கே தொடங்கப்பட்டதிலிருந்து சிங்லிஷ் குறித்துப் பல வாதங்கள் நடந்துள்ளன. என்னைப் பொறுத்தவரை, பேச்சில் அதற்கு உரிய இடம் அதற்கு உண்டு. ஆனால் எழுத்தைப் படிப்பவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, குரலைக் கேட்பதில்லை, சுட்டிக்காட்டும் விரலையும் காண்பதில்லை. அந்த விரலின் வேலையைத்தான் எழுத்தில் ஆர்ட்டிகிள் செய்கிறது.

படிப்பவருக்கு எது தெரியும்?

ஒரு பெயர்ச்சொல்லை எழுதும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் எதைக் குறிப்பிடுகிறேன் என்பது படிப்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் ‘தி’. தெரியாது, பலவற்றுள் ஏதோ ஒன்று என்றால் ‘எ’ அல்லது ‘ஆன்’. எதையும் தனியாகச் சுட்டாமல் பொதுவாகப் பேசுகிறேன் என்றால், பெரும்பாலும் இரண்டும் வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது, நமக்குத் தெரியுமா என்பது கேள்வியே அல்ல. நேற்று எந்தக் கடையில் எந்தக் கைப்பேசியை வாங்கினோம் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதைப் பற்றி முதன்முறையாக நண்பருக்கு எழுதும்போது ‘ஐ பாட் எ ஃபோன்’ என்றுதான் எழுத வேண்டும், ஏனெனில் அவருக்கு அது இன்னும் ஏதோ ஒரு கைப்பேசிதான். அடுத்த வாக்கியத்தில் ‘தி ஃபோன்’ என்று எழுதினால், இப்போது சொன்னதே என்று அவர் புரிந்துகொள்வார். இந்த ஒழுங்கு நமக்குப் புதியதன்று. ‘ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார், அந்த ராஜாவுக்கு ஒரு மகள்’ என்று கதை சொல்லும் பாட்டி ஆர்ட்டிகிளைப் பிழையின்றிக் கையாள்கிறார்.

தமிழில் இந்த வேறுபாட்டைக் காட்டும் இன்னொரு கருவியும் உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். முதலாவதைக் கேட்பவர் ஏதோ ஒரு புத்தகம் என்று விட்டுவிடுவார். இரண்டாவதைக் கேட்பவர், முன்பே பேசிவைத்த ஒரு புத்தகத்தைத் தேடி மனம் பின்னோக்கிச் செல்ல, ‘ஓ, அதை வாங்கிவிட்டாயா?’ என்பார். இரண்டாம் வேற்றுமையின் ‘ஐ’ உருபு அஃறிணைப் பெயர்களில் செய்யும் இந்த வேலை, ஆங்கிலத்தில் ‘தி’ செய்யும் வேலைக்கு மிக நெருங்கியது. ஆகவே ஆங்கில வாக்கியத்தில் ஐயம் வந்தால் அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். செயப்படுபொருளில் ‘ஐ’ இல்லாமல் வாக்கியம் இயல்பாக நின்றால் ‘எ’யோ ஆர்ட்டிகிள் இன்மையோ பொருந்தும், ‘ஐ’ இருந்தே ஆக வேண்டும் என்று காது சொன்னால் ‘தி’ பொருந்தும்.

இந்தச் சோதனைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. உயர்திணைப் பெயர்களில் ‘ஐ’ எப்போதும் வரும். ‘ஒரு மாணவனைப் பார்த்தேன்’ என்பதில் அந்த மாணவன் யார் என்று கேட்பவருக்குத் தெரியாது, ஆனாலும் ‘ஐ’ வந்துவிட்டது. எனவே மனிதரைக் குறிக்கும் சொற்களில் இந்தச் சோதனை செல்லாது. அடுத்து, எழுவாய்க்கு உருபே இல்லை என்பதால் அங்கும் இது கைகொடுக்காது. ‘பேருந்து வருகிறது’ என்பதையே எடுத்துக்கொள்வோம். சாலையோரம் விளையாடும் குழந்தையை எச்சரிக்கும்போது சொன்னால் அது ‘எ பஸ் இஸ் கமிங்’. நிறுத்தத்தில் உடன் காத்திருப்பவரிடம் சொன்னால் ‘தி பஸ் இஸ் கமிங்’. தமிழ் வாக்கியம் இரண்டுக்கும் ஒன்றே. சூழல்தான் பொருளைப் பிரிக்கிறது. எழுவாயில் ஐயம் வரும்போது வாக்கியத்தை விட்டுவிட்டுச் சூழலைப் பாருங்கள்: படிப்பவர் அதை ஏற்கெனவே எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாரா?

‘அந்த’ என்று போட்டுப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. போதாது. ‘புதிய வீட்டுக்குப் போனோம். சமையலறை சிறியதாக இருந்தது’ என்று எழுதும்போது, ‘அந்தச் சமையலறை’ என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலோ அது ‘தி கிச்சன்’ ஆகவே இருக்க வேண்டும், முன்னர் ஒருமுறைகூடக் குறிப்பிடவில்லை என்றாலும். வீடு என்றால் சமையலறை இருக்கும் என்பது படிப்பவருக்குத் தெரியும். எந்தச் சமையலறை என்பதும் அதனாலேயே விளங்கிவிடும். இவ்வாறே ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதினால் ‘தி சேர்மன்’, ஒரு புளோக்கைப் பற்றி எழுதினால் ‘தி லிஃப்ட்’, ஒரு மின்னஞ்சலைப் பற்றி எழுதினால் ‘தி அட்டாச்மென்ட்’. ‘அந்த’ என்பது தமிழில் வலுவான சுட்டு. ‘தி’ அவ்வளவு வலுவுடையதன்று. ‘அந்த’ வராத இடத்தில் ‘தி’யை விட்டுவிடும் பழக்கத்தால் நேரும் பிழைகளே நம் எழுத்தில் மிகுதி என்பது என் கணிப்பு.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. ஆர்ட்டிகிளை விட்டுவிடுகிறோமோ என்ற அச்சத்தில் எல்லாப் பெயருக்கும் முன்னால் ‘தி’யை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ‘தி எஜுகேஷன் இஸ் இம்பார்ட்டன்ட்’ என்றால் எந்தக் கல்வி என்ற கேள்வி எழுகிறது. கல்வி, வாழ்க்கை, சமுதாயம், நேர்மை போன்றவற்றைப் பொதுவாகப் பேசும்போது ஆர்ட்டிகிள் வேண்டாம். ‘இன் தி சொசைட்டி’ அன்று, ‘இன் சொசைட்டி’. ‘தி எஜுகேஷன் ஐ ரிசீவ்ட்’ என்று வரையறுக்கும் தொடர் பின்னால் வந்தால் மட்டுமே ‘தி’ நியாயமாகிறது. பன்மைப் பெயர்களுக்கும் இதுவே. தமிழர்களைப் பற்றிப் பொதுவாக எழுதினால் ‘தமிழ்ஸ்’; மொழியின் பெயர் வெறும் ‘தமிழ்’; ‘லாங்குவேஜ்’ என்ற சொல்லைச் சேர்த்தால் ‘தி தமிழ் லாங்குவேஜ்’.

எண்ணத்தக்கதா, எண்ணலாகாததா?

‘எ’ என்பதற்கு ‘ஒன்று’ என்னும் பொருள் உள்ளே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ஒன்றைக் குறித்த சொல்லே தேய்ந்து ‘ஆன்’ ஆகி, மெய்யொலிக்கு முன் ‘எ’ ஆனது. ஆகவே ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாததாக ஆங்கிலம் கருதும் பெயருக்கு முன்னால் அது வர முடியாது. ‘ஆங்கிலம் கருதும்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் பொருளின் இயல்பை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. சிராங்கூன் சாலைக் கடையின் கண்ணாடிப் பேழையில் வளையலும் சங்கிலியும் தனித்தனியாக எண்ணும்படி கிடக்கின்றன. தமிழில் அவை நகைகள். ஆங்கிலத்தில் ‘ஜுவல்லரி’ எண்ணலாகாத பெயர். ‘ஜுவல்லரீஸ்’ என்று எழுதக் கூடாது.

தமிழில் ‘கள்’ விகுதியை இயல்பாக ஏற்கும் சொற்களில்தான் நமக்கு இடறல். தகவல்கள், அறிவுரைகள், ஆதாரங்கள், கருவிகள், அறைகலன்கள், ஆய்வுகள், பயணப் பெட்டிகள் என்று நாம் பன்மையில் நினைக்கும் இடங்களில் ஆங்கிலம் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எவிடன்ஸ், எக்யுப்மென்ட், ஃபர்னிச்சர், ரிசர்ச், லக்கேஜ் என்று ஒருமையிலேயே நிற்கிறது. சிங்கப்பூர் அலுவலகங்களில் இவற்றோடு ‘ஃபீட்பேக்’, ‘ஸ்டாஃப்’ ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஊழியரைக் குறிக்க ‘எ ஸ்டாஃப்’ என்று எழுதுவது இங்கே மிகப் பரவலானது. ஸ்டாஃப் என்பது பணியாளர் அனைவரையும் ஒருசேரக் குறிக்கும். ஒருவரைக் குறிக்க ‘எ ஸ்டாஃப் மெம்பர்’ என்றோ ‘ஆன் எம்ப்ளாயீ’ என்றோ எழுதுங்கள்.

இத்தகைய பெயருக்கு அளவு சொல்ல வேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ போன்ற தொடர்கள் உள்ளன. ஆனால் பல இடங்களில் வினையாக மாற்றிவிடுவதே அழகு. ‘ஹி கேவ் மீ ஆன் அட்வைஸ்’ என்ற பிழையைத் திருத்த ‘ஹி அட்வைஸ்ட் மீ’ போதும். ஆர்ட்டிகிள் பற்றிய கவலையே அங்கு இல்லாமற்போகிறது.

சில பெயர்கள் இரண்டு வகையிலும் வரும், பொருள் மாறும். உணவங்காடி நிலையத்தில் மதிய உணவாகக் கோழிக்கறி சாப்பிட்டதை ‘ஐ ஏட் எ சிக்கன்’ என்று எழுதினால் முழுக் கோழியையும் தின்றதாகப் பொருள்படும்; ‘எ’ இல்லாமல் எழுதினால் இறைச்சி. ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்பது பணி அனுபவத்தைக் குறிக்கும்போது எண்ணலாகாதது, வாழ்வில் நேர்ந்த நிகழ்ச்சியைக் குறிக்கும்போது எண்ணத்தக்கது. வேலை விண்ணப்பத்தில் ‘ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றுதான் வர வேண்டும், ‘எக்ஸ்பீரியன்சஸ்’ அன்று. ஐயம் வரும்போதெல்லாம் பயில்வோருக்கான ஆங்கில அகராதியைத் திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அத்தகைய அகராதிகளில் எண்ணத்தக்க பெயருக்கு ‘சி’ என்றும் எண்ணலாகாத பெயருக்கு ‘யூ’ என்றும் குறி இருக்கும். சாதாரண அகராதிகள் பலவற்றில் அது இராது.

இங்கேயே ஒரு சிறு குறிப்பு. ‘ஃபியூ பீப்பிள் கேம்’ என்பதற்கும் ‘எ ஃபியூ பீப்பிள் கேம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, ‘சிலரே வந்தனர்’ என்பதற்கும் ‘சிலர் வந்தனர்’ என்பதற்கும் உள்ள வேறுபாடேதான். ஏகாரம் சேர்த்துச் சொல்லத் தோன்றினால் ‘எ’யை விடுங்கள். ‘லிட்டில்’ என்ற சொல்லுக்கும் இதே விதி.

‘எ’யா, ‘ஆன்’ஆ?

உயிரொலிக்கு முன் ‘ஆன்’, மெய்யொலிக்கு முன் ‘எ’ என்பது எல்லாருக்கும் தெரியும். ‘ஓர் ஊர், ஒரு வீடு’ என்று எழுதிப் பழகியவருக்கு இது எளிது. இடர்ப்பாடு எங்கே வருகிறதென்றால், ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறாகவும் இருப்பதில்தான். அதற்குத் தமிழ் எழுத்து நமக்கு ஒரு நல்ல கருவி: ஐயத்துக்குரிய சொல்லை மனத்தில் தமிழில் எழுதிப் பாருங்கள். யூனிவர்சிட்டி, யூரோப்பியன், யூனிஃபார்ம் எல்லாம் ‘ய’கர வரிசையில் தொடங்குகின்றன, ஆகவே ‘எ’. ‘ஹவர்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘அவர்’ என்றே ஒலிக்கிறோம், ஆகவே ‘ஆன்’. ‘ஆனஸ்ட்’ என்பதும் அப்படியே.

சுருக்கப் பெயர்களுக்கு இந்த முறை மிகவும் பயன்படும். சிங்கப்பூரில் சுருக்கப் பெயர் இல்லாமல் ஒரு கடிதம்கூட எழுத முடியாதல்லவா? எம்ஆர்டி, என்யுஎஸ், எஸ் பாஸ், என்ஆர்ஐசி ஆகியவை எழுத்தளவில் மெய்யாகத் தெரிந்தாலும், ஒலிக்கும்போது உயிரில் தொடங்குகின்றன. எனவே ‘ஆன் எம்ஆர்டி ஸ்டேஷன்’, ‘ஆன் எஸ் பாஸ் ஹோல்டர்’. சிபிஎஃப், பிஎஸ்எல்இ, யூஓபி ஆகியவற்றுக்கு ‘எ’. எண்களும் ஒலியையே பின்பற்றும்: எட்டு வயதுக் குழந்தை ‘ஆன் எய்ட்-இயர்-ஓல்டு’, ஏழு வயதுக் குழந்தை ‘எ செவன்-இயர்-ஓல்டு’.

இரண்டு இடங்களில் மட்டும் விழிப்பு வேண்டும். ‘ஒன்’ என்று தமிழில் உயிரெழுத்தில் எழுதினாலும் ஆங்கிலத்தில் அதன் ஒலி ‘வன்’. ஆகவே ஓரறை வீடு ‘எ ஒன்-ரூம் ஃபிளாட்’. இன்னொன்று வீவக வீடு. ‘எச்டிபி’ என்று ஒலித்தால் ‘ஆன்’, ‘ஹெச்டிபி’ என்று ஒலித்தால் ‘எ’. நம்மில் பலர் ‘ஹெச்’ என்றே சொல்கிறோம். ஆயினும் அந்த எழுத்தின் பெயரை ‘எய்ச்’ என்று ஒலிப்பதே பிரிட்டிஷ் வழக்கில் பொதுத்தரமாகக் கொள்ளப்படுவதால், முறையான எழுத்தில் ‘ஆன்’ போடுவதை நான் பரிந்துரைப்பேன். எதைத் தேர்ந்தாலும் ஒரே கடிதத்துக்குள் இரண்டையும் கலக்காதீர்கள்.

இடமும் நிறுவனமும்

சாலை, விமான நிலையம், தனித் தீவு ஆகியவற்றின் பெயர்களுக்குப் பெரும்பாலும் ஆர்ட்டிகிள் இல்லை: ஆர்ச்சர்ட் ரோடு, சாங்கி ஏர்போர்ட், செந்தோசா, புலாவ் உபின். ஆறு, கடல், விரைவுச்சாலை ஆகியவற்றுக்கு உண்டு: தி சிங்கப்பூர் ரிவர், தி சவுத் சைனா சீ, தி பான் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்வே. பன்மை வடிவிலுள்ள நாட்டுப் பெயர்களும் ‘தி’ பெறும்: தி பிலிப்பைன்ஸ், தி மால்டீவ்ஸ். இஸ்தானாவுக்கும் பாடாங்குக்கும் முன்னால் ‘தி’ வருவதற்கு ஒரு காரணம் சொல்லலாம்: மலாயில் அரண்மனை, திடல் என்னும் பொதுப்பெயர்களே ஒரே ஓர் இடத்துக்கு உரியனவாகிவிட்டன. ஜொகூர்ப் பாலத்தைத் ‘தி காஸ்வே’ என்பதும் இவ்வகையே.

நிறுவனப் பெயர்களில் நடுவே ‘ஆஃப்’ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பெரும்பாலும் ‘தி’ உண்டு: தி மினிஸ்ட்ரி ஆஃப் மேன்பவர், தி நேஷனல் யூனிவர்சிட்டி ஆஃப் சிங்கப்பூர். நன்யாங் டெக்னலாஜிகல் யூனிவர்சிட்டிக்கு அது இல்லை. சுருக்கிச் சொல்லும்போது என்யுஎஸ்ஸும் ஆர்ட்டிகிளை இழந்துவிடுகிறது. 1991இல் அமைந்த சிண்டாவை ஒரே சொல்லாக ஒலிப்பதால் அதற்கும் ஆர்ட்டிகிள் வேண்டாம். முழுப்பெயரை எழுதினால் ‘தி சிங்கப்பூர் இந்தியன் டெவலப்மென்ட் அசோசியேஷன்’. நாளிதழ்களுக்கு அவை தாமே வைத்துக்கொண்ட பெயர்தான் விதி: 1845இல் தொடங்கிய நாளிதழின் பெயர் ‘தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’, 1935இல் தொடங்கியது வெறும் ‘தமிழ் முரசு’.

பள்ளி, மருத்துவமனை போன்ற சொற்கள் வேறொரு நுட்பம் உடையவை. மாணவன் படிப்பதற்காகப் பள்ளியில் இருக்கிறான் என்றால் ‘அட் ஸ்கூல்’. பெற்றோர் ஆசிரியரைக் காணப் போயிருக்கிறார் என்றால் ‘அட் தி ஸ்கூல்’. நோயாளியாக இருப்பவர், சிங்கப்பூர் பின்பற்றும் பிரிட்டிஷ் வழக்கில், ‘இன் ஹாஸ்பிட்டல்’. அவரைப் பார்க்கச் சென்றவர் ‘அட் தி ஹாஸ்பிட்டல்’. கிறிஸ்தவ தேவாலயத்துக்கு வழிபடச் செல்வதை ‘கோ டு சர்ச்’ என்பதால், நாமும் ‘கோ டு டெம்பிள்’ என்று எழுதிவிடுகிறோம். அந்தச் சலுகையை ஆங்கிலம் ஒருசில சொற்களுக்கே வழங்கியிருக்கிறது. கோயிலுக்கு ‘தி டெம்பிள்’, சந்தைக்கு ‘தி மார்க்கெட்’. ‘ஆபீஸ்’ என்ற சொல்லில் கூடுதல் கவனம் தேவை: ‘இன் ஆபீஸ்’ என்றால் பதவியில் இருப்பது, ‘இன் தி ஆபீஸ்’ என்றால் அலுவலகத்தில் இருப்பது. வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு வரமாட்டேன் என்று மேலாளருக்கு எழுதும்போது இரண்டாவதுதான் வேண்டும்.

தொழிலைச் சொல்லும்போது ‘எ’ அல்லது ‘ஆன்’ கட்டாயம்: ‘ஐ ஆம் ஆன் எஞ்சினியர்’. தன்விவரக் குறிப்பின் பட்டியலிலும் செய்தித் தலைப்பிலும் ஆர்ட்டிகிளை விடுவது ஏற்கப்பட்ட வழக்கு. அதனோடு அனுப்பும் விண்ணப்பக் கடிதத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

ஒரு தமிழ்ச் சொல், பல ஆங்கிலச் சொற்கள்

சொல் தேர்வில் நாம் இடறும் இடங்களுக்கும் ஒரு பொது இயல்பு உண்டு. தமிழில் ஒரே வினை பரந்த பொருளைத் தாங்கி நிற்க, ஆங்கிலம் அதைப் பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கும். ‘கேள்’ என்பதையே பாருங்கள். காதில் விழுந்தால் ‘ஹியர்’, கவனித்துக் கேட்டால் ‘லிசன்’, வினவினால் ‘ஆஸ்க்’, வேண்டிக் கேட்டால் ‘ஆஸ்க் ஃபார்’. மேலாளர் சொன்னதைக் கவனித்தேன் என்று காட்ட விரும்பி ‘ஐ ஹேர்ட் ஹிம்’ என்று எழுதினால், அவர் குரல் காதில் விழுந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

‘வை’ என்பது இன்னும் ஏமாற்றும். கோப்பினை மேசைமேல் வைத்தேன் என்பதற்கு ‘கெப்ட்’ என்று எழுதுபவர் பலர். ‘கீப்’ என்றால் விடாது வைத்திருத்தல், பாதுகாத்தல். வைக்கும் செயல் ‘புட்’. ‘ஐ கெப்ட் தி ஃபைல்’ என்று எழுதினால், திருப்பித் தர வேண்டிய கோப்பை நாமே வைத்துக்கொண்டதாகவும் படிக்க இடமுண்டு. ‘சொல்’ என்பதற்கு ‘டெல்’ என்று எழுதினால் யாரிடம் என்பது உடனே வர வேண்டும். ‘சே’ என்றால் அது வேண்டியதில்லை. கடன் வாங்குவது ‘பாரோ’, கொடுப்பது ‘லெண்ட்’. தவறு செய்வது ‘டூ’ அன்று, ‘மேக்’. மருந்து சாப்பிடுவது ‘ஈட்’ அன்று, ‘டேக்’.

வேற்றுமை உருபுகளும் நம்மைப் பின்தொடர்ந்து வருகின்றன. ‘அவருக்குத் தெரிவித்தேன்’ என்பதிலுள்ள ‘கு’ உருபு ‘இன்ஃபார்ம்டு டு ஹிம்’ என்று உருவெடுக்கிறது; ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பதிலுள்ள ‘பற்றி’, ‘டிஸ்கஸ்டு அபவுட்’ என்றாகிறது. இன்ஃபார்ம், டிஸ்கஸ், கான்டாக்ட், ரீச், எம்ஃபசைஸ் ஆகிய வினைகள் செயப்படுபொருளை நேராக ஏற்பவை. நடுவே எந்தச் சொல்லும் வேண்டாம். ‘அட்டெண்ட் எ மீட்டிங்’ என்றால் கூட்டத்துக்குச் செல்வது, ‘அட்டெண்ட் டு எ கஸ்டமர்’ என்றால் வாடிக்கையாளரைக் கவனிப்பது. மாறாக, ‘லிசன்’ என்பதற்கு ‘டு’வும், ‘அப்ளை’ என்பதற்கு விண்ணப்பிக்கும் பொருளில் ‘ஃபார்’உம் இன்றியமையாதவை. வினையைத் தனியாகக் கற்காமல், அதன் பின்னால் வரும் சொல்லோடு சேர்த்தே குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்திய ஆங்கிலம் தனக்கென வழக்குடைய மொழிதான். ஆனால் கடிதத்தைப் படிக்கும் சிங்கப்பூர் அதிகாரி அந்த வழக்கை அறிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டம் பெற்றதை ‘பாஸ்டு அவுட்’ என்று எழுதினால் மயங்கி விழுந்ததாகவே பலர் படிப்பார்கள். ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதுங்கள். கூட்டத்தைக் குறித்த நாளுக்கு முன்னரே வைப்பதற்கு ‘பிரிபோன்’ வேண்டாம், ‘பிரிங் ஃபார்வர்டு’ போதும். லட்சமும் கோடியும் இங்கே கணக்கில் இல்லை. ஐந்து லட்சம் ‘ஃபைவ் ஹண்ட்ரட் தௌசண்ட்’, ஒரு கோடி ‘டென் மில்லியன்’. நெடுநாள் இங்கே வாழ்பவருக்கும் சிக்கல் உண்டு. பதில் அனுப்புங்கள் என்னும் பொருளில் ‘ரிவர்ட்’ என்று எழுதுவது இந்நாட்டு அலுவலகங்களில் ஊறிப்போனது; அச்சொல்லின் பொதுப்பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது. ‘ரிப்ளை’ என்ற எளிய சொல் இருக்கும்போது அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

திருத்தும் முறை

எழுதும்போதே இத்தனையையும் நினைத்துக்கொண்டிருந்தால் கடிதம் நகராது. முதலில் சொல்ல வந்ததை எழுதி முடியுங்கள். பிறகு பெயர்ச்சொற்களை மட்டும் கண்ணால் தொட்டுக்கொண்டு ஒருமுறை படியுங்கள்: எண்ணத்தக்கதா, படிப்பவருக்கு எது என்று தெரியுமா, ஒலி எதில் தொடங்குகிறது என்னும் இந்த வரிசையில். அடுத்த முறை வினைகளை மட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்றால் பாதி நழுவும். ஒரு பெயர்ச்சொல் ஒருமையாகவும் எண்ணத்தக்கதாகவும் இருந்து, அதற்கு முன் எ, ஆன், தி, மை, திஸ் போன்ற எதுவுமே இல்லையென்றால், அங்கே பெரும்பாலும் பிழை இருக்கிறது.

நகர மன்றத்துக்கு எழுதும் ஒரு முறையீட்டை இவ்வாறு திருத்திப் பார்ப்போம். முதல் வரைவு இது: ‘தேர் இஸ் வாட்டர் லீக்கேஜ் இன் லிஃப்ட் லாபி. ஐ இன்ஃபார்ம்டு டு ஸ்டாஃப் லாஸ்ட் வீக். ஹி கேவ் ஆன் அட்வைஸ் டு வெயிட். நவ் லீக் ரீச்ட் டு ஸ்டேர்கேஸ். ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட்.’

நீர்க்கசிவைப் பற்றி அதிகாரி இப்போதுதான் முதன்முறையாகப் படிக்கிறார். எனவே ‘எ லீக்’. மின்தூக்கிக் கூடமும் முதன்முறையாகத்தான் வருகிறது, ஆனால் ‘தி லிஃப்ட் லாபி ஒன் தி ஃபிஃப்த் ஃப்ளோர்’ என்று மாடியைச் சேர்த்தவுடன் அவருக்கு எது என்று ஐயமில்லை. வரிசை எண்ணுக்கும் ‘தி’ வேண்டும். யாரிடம் சொன்னோம் என்பது அதிகாரிக்குத் தெரியாது; ஆகவே ‘ஐ இன்ஃபார்ம்டு எ ஸ்டாஃப் மெம்பர் லாஸ்ட் வீக்’, நடுவிலிருந்த ‘டு’ போய்விட்டது. அவர் காத்திருக்கச் சொன்னது ‘ஹி அட்வைஸ்ட் மீ டு வெயிட்’. கசிவு இரண்டாம் முறை வருவதால் ‘தி லீக்’; மாடிப்படி புளோக்கின் பகுதி என்பதால், முன்னர் சொல்லாவிட்டாலும் ‘தி ஸ்டேர்கேஸ்’; இங்கும் ‘டு’ வேண்டாம்: ‘தி லீக் ஹேஸ் நவ் ரீச்ட் தி ஸ்டேர்கேஸ்’. கடைசி வரியில், வேண்டியதைச் செய்யுங்கள் என்பதற்கு மாறாக வேண்டியது இன்னதென்றே சொல்லிவிடலாம்: ‘ப்ளீஸ் ஹேவ் தி லீக் ரிப்பேர்ட் அண்ட் லெட் மீ நோ தி டேட்.’ பழுதுபார்ப்பு என்றால் அதற்கு ஒரு நாள் குறிக்கப்படும். அந்த நாளைத்தான் கேட்கிறோம் என்பது படிப்பவருக்கு விளங்கும் என்பதால் அங்கே ‘எ டேட்’ அன்று, ‘தி டேட்’.